பாட்டியின் வயிற்றிலேயே தொடங்கிவிட்டது உங்கள் பயணம், தெரியுமா?

உங்களைச் சுமந்தது யார்? அம்மா என்றுதானே சொல்வீர்கள்? உங்கள் அம்மாவைப் பெற்ற பாட்டியும்தான்!

எப்படி என்கிறீர்களா? ஒரு பெண் சிசு தாயின் வயிற்றில் ஐந்தாவது மாதத்தை எட்டும்போதே அதன் சினைப்பைகளில் 60 முதல் 70 லட்சம் கருமுட்டைகள் உருவாகிவிடுகின்றன. பிறக்கும்போது மிஞ்சுவது 10 முதல் 20 லட்சம். வயதுக்கு வரும்போது சுமார் 3 லட்சம். வாழ்நாள் முழுக்க முதிர்ந்து வெளியே வருவதோ ஏறக்குறைய 400தான்! அந்த 400-இல் ஒன்றுதான் நீங்கள். உங்கள் அம்மா பாட்டியின் வயிற்றில் இருந்தபோதே அந்த முட்டையும் அங்கே இருந்தது!

மனித உடம்பிலேயே பெரிய செல் எது தெரியுமா? அதே கருமுட்டைதான். விட்டம் சுமார் 0.1 மில்லிமீட்டர். மைக்ராஸ்கோப் இல்லாமல் வெறும் கண்ணாலேயே பார்க்கலாம்!

நம் வீடுகளில் பத்து மாதம் என்கிறார்கள், டாக்டர் 40 வாரம் என்கிறார், காலண்டரை எண்ணினால் ஒன்பது மாதமும் சில நாட்களும் வருகிறது. யார் சொல்வது சரி? எல்லாரும் சொல்வது சரி! மாதவிடாய்ச் சுற்றான 28 நாளை ஒரு மாதமாக வைத்து 10-ஆல் பெருக்குங்கள். 280 நாள், அதாவது 40 வாரம்! இன்னொரு விந்தை: இந்தக் கணக்கு கடைசி மாதவிடாயின் முதல் நாளிலிருந்து தொடங்குகிறது. ஆக, முதல் இரண்டு வாரம் வயிற்றில் கரு என்று ஒன்றே கிடையாது! டாக்டர் குறித்துக் கொடுக்கும் தேதியில் பிறக்கும் குழந்தைகள் எத்தனை? நூற்றுக்கு நான்கைந்துதான்!

28 நாள் கெடு

மூளையும் தண்டுவடமும் எப்போது உருவாகத் தொடங்குகின்றன தெரியுமா? அவற்றுக்கு ஆதாரமான நரம்புக்குழாய் கருத்தரித்த 28-ஆம் நாளுக்குள் மூடிக்கொள்கிறது. பல பெண்களுக்கு அப்போது நாள் தள்ளிப்போனதே உறைத்திருக்காது! அந்தக் குழாய் சரியாக மூடாவிட்டால் குழந்தைக்குத் தண்டுவடக் குறை வரலாம். அதைப் பெருமளவு தடுக்கும் ஒரு மாத்திரை இருக்கிறது. பெயர் ஃபோலிக் ஆசிட். அளவு தினமும் 400 மைக்ரோகிராம். ஒரு கிராமில் பத்தாயிரத்தில் ஒரு பங்கு என்றால் 100 மைக்ரோகிராம். அதைப்போல் நான்கு பங்கு, அவ்வளவே! கரு உண்டாவதற்கு ஒரு மாதம் முன்பே தொடங்கிவிட வேண்டும்.

இந்த மாத்திரையின் கதையில் குன்னூரும் திருவல்லிக்கேணியும் வருகின்றன, தெரியுமா?

1928-இல் லூசி வில்ஸ் என்ற ஆங்கிலேய டாக்டர் பம்பாய்க்கு வந்தார். அங்கே மில் தொழிலாளிகளாக இருந்த கர்ப்பிணிகள் கடுமையான இரத்தசோகையில் செத்துக்கொண்டிருந்தார்கள். காரணம் யாருக்கும் புரியவில்லை. கோடைக்காலங்களில் தம் ஆராய்ச்சியைக் குன்னூர் பாஸ்டர் நிலையத்துக்கு மாற்றிக்கொண்டார். 1931-இன் தொடக்கத்தில் சென்னை கோஷா ஆஸ்பத்திரியில் வேலை பார்த்தார். இன்று திருவல்லிக்கேணி கஸ்தூர்பா காந்தி அரசு மகப்பேறு மருத்துவமனை என்று நாம் சொல்வது அதைத்தான்! எலிகளை வைத்துச் சோதித்தார், குரங்குகளை வைத்துச் சோதித்தார். கடைசியில் எது கைகொடுத்தது தெரியுமா? மார்மைட்! ரொட்டியில் தடவிச் சாப்பிடும், ஈஸ்டிலிருந்து எடுத்த கறுப்புப் பசை. விலையோ மிக மலிவு. அதைச் சாப்பிட்ட குரங்குகள் தேறின. பிறகு கர்ப்பிணிகளும் தேறினார்கள்!

அந்தப் பசைக்குள் இருந்த மர்மப் பொருளுக்கு 'வில்ஸ் காரணி' என்றே பெயர் வைத்தார்கள். 1941-இல் அமெரிக்காவின் டெக்சஸில் நான்கு டன் பசலைக்கீரையைப் பிழிந்து அந்தச் சத்தைத் தனியாகப் பிரித்தார்கள். அதுதான் ஃபோலிக் ஆசிட்! 1991-இல் இன்னொரு ஆச்சரியம். ஏற்கெனவே நரம்புக்குழாய்க் குறையோடு பிள்ளை பெற்ற தாய்மாருக்கு, அடுத்த கர்ப்பத்துக்கு முன்பிருந்தே இதைக் கொடுத்துப் பார்த்தார்கள். மறுபடி அந்தக் குறை வருவது 72 சதவீதம் குறைந்தது! கல்யாணப் பத்திரிகை அச்சடிக்கும் வீடுகளெல்லாம் இதைத் தெரிந்துவைத்திருக்க வேண்டும் என்று ஆசைப்படுகிறேன். கீரையும் பயறும் நல்லதுதான், ஆனால் மாத்திரை மாத்திரைதான். யாருக்கு எவ்வளவு என்று டாக்டரிடம் கேளுங்கள்.

மசக்கையும் மண்ணும்

கர்ப்பிணிகள் மண் தின்பது சங்கப் பாட்டிலேயே இருக்கிறது, தெரியுமா? சேரமான் ஒருவனைப் புகழும் புறநானூற்றுப் புலவர் குறுங்கோழியூர் கிழார், 'உன் நாட்டு மண்ணைப் பகைவர் உண்ண முடியாது. மசக்கைக்காரிகள் ஆசைப்பட்டுத் தின்றால்தான் உண்டு' என்ற பொருளில் பாடியிருக்கிறார். எப்பேர்ப்பட்ட கண் பாருங்கள்! மண், சாம்பல், திருநீறு, சிலேட்டுக்குச்சி என்று நாக்கு அலைந்தால் இரும்புச்சத்துக் குறைவு இருக்கிறதா என்று பார்த்துவிடுவது நல்லது. கர்ப்ப காலத்தில் ஹீமோகுளோபின் 11-க்குக் கீழே போனால் அது இரத்தசோகை!

நாள் தள்ளிப்போனதை உறுதிசெய்ய என்னவெல்லாம் செய்திருக்கிறார்கள் தெரியுமா? பழங்கால எகிப்தில் கோதுமையின் மீதும் வாற்கோதுமையின் மீதும் சிறுநீர் விடச் சொன்னார்கள். முளைத்தால் கர்ப்பம்! வெறும் மூடநம்பிக்கை என்று தோன்றுகிறதா? 1963-இல் இதைச் சோதித்துப் பார்த்தவர்களுக்கு வியப்பு. சுமார் 70 சதவீதம் சரியாக இருந்தது!

அது எகிப்து. 1930-களிலிருந்து பல பத்தாண்டுகள் டாக்டர்கள் நம்பியது எதை? தவளையை! பெண்ணின் சிறுநீரை ஆப்பிரிக்கத் தவளைக்கு ஊசியில் ஏற்றுவார்கள். மறுநாளுக்குள் தவளை முட்டையிட்டால் அம்மணி கர்ப்பம்!

வீட்டிலேயே பார்த்துக்கொள்ளும் கிட்டை முதலில் வடிவமைத்தவர் டாக்டரே இல்லை! 1967-இல் அமெரிக்காவில் ஒரு மருந்துக் கம்பெனியில் அழகுசாதனப் பொருட்களுக்கு டப்பா வரைந்துகொண்டிருந்த மார்கரெட் கிரேன். ஆய்வகத்தில் வரிசையாக நின்ற சோதனைக் குழாய்களைப் பார்த்ததும் அவருக்கு ஒன்று தோன்றியது: இதை ஒரு பெண் தன் வீட்டிலேயே செய்துகொள்ள முடியாதா? அந்தக் கண்டுபிடிப்பின் உரிமையை அவர் எழுதிக்கொடுத்தது எத்தனைக்குத் தெரியுமா? ஒரு டாலருக்கு!

உள்ளே என்ன நடக்கிறது?

கொய்யாக்காய் அளவில் 70 கிராம் இருக்கும் கருப்பை, பிரசவ நேரத்தில் ஒரு கிலோவைத் தாண்டிவிடுகிறது! குழந்தை பிறந்து ஆறு வாரத்தில் பழையபடி சுருங்கியும் விடுகிறது. உடம்பில் வேறு எந்த உறுப்பாவது இப்படிச் செய்யுமா?

தாயின் இரத்தம்? ஏறக்குறைய 40 முதல் 50 சதவீதம் கூடிவிடுகிறது!

நஞ்சுக்கொடி? ஒரே ஒரு பிரசவத்துக்காக முளைத்து, அரைக் கிலோ எடைக்கு வளர்ந்து, வேலை முடிந்ததும் தானே வெளியேறிவிடும் உறுப்பு!

கருத்தரித்த சுமார் 22-ஆம் நாளே இதயம் துடிக்கத் தொடங்குகிறது! விரல் ரேகைகள் ஐந்தாவது மாதத்துக்குள் பதிந்துவிடுகின்றன. ஒரே கருமுட்டையிலிருந்து பிறக்கும் இரட்டையருக்குக்கூட ரேகை வேறு வேறு!

பனிக்குட நீர் என்பது என்ன தெரியுமா? கர்ப்பத்தின் பிற்பாதியில் அதில் பெரும்பங்கு குழந்தையின் சிறுநீர்தான்! குழந்தை அதையே குடிக்கிறது, மறுபடி அதிலேயே சிறுநீர் கழிக்கிறது. முகம் சுளிக்காதீர்கள். அந்தப் பயிற்சியில்தான் குடலும் சிறுநீரகமும் தேறுகின்றன!

உள்ளே இருக்கும்போதே காது கேட்கிறது. எவ்வளவு நன்றாக? பிறந்து சில நாட்களே ஆன 60 குழந்தைகளின் அழுகையைப் பதிவுசெய்து ஆராய்ந்த முடிவு 2009-இல் வந்தது. பிரெஞ்சுத் தாய்மாரின் குழந்தைகள் குரலைக் கீழிருந்து மேலே ஏற்றி அழுதன. ஜெர்மன் குழந்தைகள் மேலிருந்து கீழே இறக்கி அழுதன. அவரவர் தாய்மொழியின் ராகமும் அதுதான்! வயிற்றில் இருக்கும் பிள்ளையோடு பேசச் சொல்லும் பாட்டிமார் சொல் வீண்போகவில்லை.

இதைக் கேளுங்கள்: பிள்ளையின் செல்களில் சில நஞ்சுக்கொடியைத் தாண்டித் தாயின் உடம்புக்குள் போய்விடுகின்றன. பிரசவத்தோடு போய்விடுமா? 27 ஆண்டுகளுக்கு முன் ஆண் குழந்தை பெற்ற ஒரு தாயின் இரத்தத்தில் ஆண் செல்கள் உயிரோடு இருந்ததை 1996-இல் கண்டுபிடித்தார்கள்! இறந்துபோன பெண்களின் மூளையில்கூட ஆண் மரபணு கிடைத்திருக்கிறது!

ஒரே பெட்டி, நூறு ஆண்டு ரகசியம்

குழந்தையின் தலையைப் பிடித்து இழுக்கும் ஆயுதத்தைப் பற்றிக் கேட்டிருப்பீர்கள். இங்கிலாந்தின் சேம்பர்லென் குடும்பம் அதைக் கண்டுபிடித்துவிட்டு என்ன செய்தது தெரியுமா? நூறு ஆண்டுகளுக்கு மேல் யாருக்கும் சொல்லாமல் மறைத்து வைத்தது! இரண்டு பேர் தூக்கிவரும் பெரிய அலங்காரப் பெட்டியில் ஆயுதம் வரும். அறையில் இருந்த மற்றவர்களை வெளியேற்றிக் கதவைச் சாத்துவார்கள். பிரசவ வலியில் துடிக்கும் தாயின் கண்ணையும் கட்டிவிடுவார்கள்! 1813-இல் எசெக்ஸில் அந்தக் குடும்பத்தின் பழைய வீட்டில், தரைப்பலகைக்கு அடியில் அந்த ஆயுதங்கள் கிடைத்தன. அந்த நூறு ஆண்டுகளில் எத்தனை தாய்மார் பிழைத்திருப்பார்கள்! நினைத்தால் எனக்கு நெஞ்சு கொதிக்கிறது.

இதற்கு நேர் எதிரான மனிதர் ஒருவரும் இருக்கிறார். அர்ஜென்டினாவின் ஹோர்கே ஓடோன். தொழில்? கார் மெக்கானிக்! காலிப் பாட்டிலுக்குள் விழுந்த தக்கையைப் பிளாஸ்டிக் பையை உள்ளே விட்டு எடுக்கும் வித்தையை வீடியோவில் பார்த்தார். அன்றிரவே யோசனை பிறந்தது: இதே முறையில் பிரசவத்தில் சிக்கிய குழந்தையையும் எடுக்கலாமே! தன் யோசனையை டாக்டர்களிடம் கொண்டுபோனார். உலக சுகாதார நிறுவனமே அதை ஆய்வுக்கு எடுத்துக்கொண்டது!

கை கழுவுவதால் சாவு குறையுமா? 1847-இல் வியன்னாவில் இக்னாஸ் செம்மல்வைஸ் என்ற டாக்டர் செய்து காட்டினார். பிணவறையிலிருந்து நேராகப் பிரசவ அறைக்கு வந்த டாக்டர்களைக் குளோரின் நீரில் கை கழுவ வைத்தார். ஏப்ரலில் நூற்றுக்கு 18 தாய்மார் இறந்த வார்டில், ஜூலையில் இறந்தது நூற்றுக்கு 1 என்ற அளவுதான்! குழந்தையைப் பார்க்க வரும் சொந்தபந்தம் எல்லாருமே முதலில் குழாயடிக்குப் போய்வர வேண்டும். கோபித்துக்கொண்டாலும் பரவாயில்லை!

பிரசவத்துக்குப் பிறகான இரத்தப்போக்கை ஒரு பிளாஸ்டிக் விரிப்பு அடக்கும் என்றால் நம்புவீர்களா? தாயின் அடியில் விரிக்கும் அந்த விரிப்பில் அளவுக்கோடுகள் இருக்கும். எவ்வளவு இரத்தம் போகிறது என்று கண்மதிப்பில் சொல்லாமல் கோட்டைப் பார்த்தே சொல்லலாம். அளவு மீறியதும் எல்லாச் சிகிச்சையையும் ஒரே மூச்சில் தொடங்கிவிடலாம். நான்கு ஆப்பிரிக்க நாடுகளில் 2 லட்சத்துக்கும் மேற்பட்ட பிரசவங்களில் நடந்த ஆய்வின் முடிவு 2023-இல் வந்தது. கடும் இரத்தப்போக்கும் அதன் விளைவுகளும் 60 சதவீதம் குறைந்தன!

இரத்தம் என்றதும் ஜேம்ஸ் ஹாரிசனைச் சொல்லாமல் இருக்க முடியுமா? தாய் ஆர்எச் நெகட்டிவ், பிள்ளை பாசிட்டிவ் என்றால் தாயின் உடம்பே அடுத்த பிள்ளையின் இரத்தத்தைத் தாக்கலாம். அதைத் தடுக்கும் ஆன்டி-டி ஊசிக்கான பொருள் இந்த ஆஸ்திரேலியரின் இரத்தத்தில் ஏராளமாக இருந்தது. 14 வயதில் மார்பில் அறுவைச் சிகிச்சை நடந்தபோது யார் யாரோ கொடுத்த இரத்தத்தில் பிழைத்தவர் அவர். 18 வயதில் தானம் தொடங்கினார். 81 வயதுவரை 1,173 முறை! அதனால் காப்பாற்றப்பட்ட குழந்தைகள் 24 லட்சம்!

வந்தாயிற்று!

தொப்புள்கொடியை உடனே வெட்டக் கூடாது, தெரியுமா? ஒரு நிமிடமாவது பொறுத்தால் நஞ்சுக்கொடியில் இருக்கும் இரத்தம் குழந்தைக்கு வந்து சேர்கிறது. அதோடு இரும்புச்சத்தும்! இதை 1801-லேயே எழுதியவர் எராஸ்மஸ் டார்வின். பரிணாமம் சொன்ன சார்லஸ் டார்வினின் தாத்தா!

பிறந்த முதல் நிமிடத்திலேயே குழந்தைக்குப் பரீட்சை! நிறம், நாடி, முகச்சுளிப்பு, தசை இறுக்கம், மூச்சு. ஐந்து பாடம், தலா 2 மார்க், மொத்தம் 10. ஐந்தாம் நிமிடத்தில் மறுபரீட்சை. 1952-இல் இதை வகுத்தவர் மயக்க மருந்து நிபுணர் வர்ஜினியா அப்கார். இன்று உலகெங்கும் அவர் பெயரில்தான் மார்க்!

பிறந்த குழந்தைக்கு எத்தனை எலும்பு? நமக்கு 206. அதற்கோ சுமார் 300! வளர வளர ஒன்றோடொன்று சேர்ந்துகொள்கின்றன. முழங்கால் சில்லு? எக்ஸ்ரேயில் தெரியாது, இன்னும் குருத்தெலும்புதான்! கண்ணீர்? முதல் சில வாரங்கள் அழுகை உண்டு, கண்ணீர் சொட்டாது! பார்வை? 20 முதல் 30 சென்டிமீட்டர்தான் தெளிவு. மடியில் கிடந்தபடி அம்மா முகத்தைப் பார்க்கத் தேவையான தூரம் சரியாக அதே அளவு!

1891-இல் லூயி ராபின்சன் என்ற டாக்டர், புதிதாகப் பிறந்த 60-க்கும் மேற்பட்ட சிசுக்களுக்கு ஒரு குச்சியைப் பிடிக்கக் கொடுத்தார். ஏறக்குறைய எல்லாமே குறைந்தது பத்து விநாடி தம் உடல் எடையைத் தாங்கித் தொங்கின! சில குழந்தைகள் ஒரு நிமிடம் வரை! வீட்டில் யாரும் செய்து பார்க்கக் கூடாது. உங்கள் விரலை நீட்டுங்கள், அந்தப் பிடி புரியும்.

துணியில் கருப்பும் பச்சையுமாகப் பிசுபிசுவென்று காட்டுப்பீ என்னும் முதல் மலம் கழிந்தால் பயப்படாதீர்கள். முதல் சில நாளில் எடை கொஞ்சம் குறைந்தாலும் பதறாதீர்கள். பெரும்பாலான குழந்தைகள் இரண்டு வாரத்துக்குள் பிறந்த எடையைத் திரும்பப் பிடித்துவிடுகின்றன!

தாயின் வயிற்றின்மீது கிடத்திய குழந்தை தானாகவே ஊர்ந்துபோய் மார்பைப் பிடித்துவிடும், தெரியுமா? 1987-இல் ஸ்வீடன் ஆய்வாளர்கள் இதைப் பதிவுசெய்தார்கள். ஒரு மணி நேரத்துக்குள் இத்தனையும்! தாய்ப்பாலில் குழந்தையால் செரிக்கவே முடியாத சர்க்கரை வகைகள் நூற்றுக்கும் மேல் இருக்கின்றன. பிறகு எதற்கு? குழந்தையின் குடலில் குடியிருக்கும் நல்ல பாக்டீரியாக்களுக்குச் சாப்பாடு! சீம்பாலைப் பீய்ச்சி ஊற்றிவிட்டுச் சேனை தொட்டு வைக்கும் வழக்கம் சில வீடுகளில் இன்னும் இருக்கிறது. தயவுசெய்து வேண்டாம். அந்த மஞ்சள் பாலில் நோய் எதிர்ப்புப் பொருட்கள் குவிந்திருக்கின்றன. சேனையாக வைக்கும் தேனோ, ஒரு வயதுவரை ஆபத்து!

மஞ்சள் முக்கோணம்

மஞ்சள் காமாலைக் குழந்தைகளை நீல விளக்கின் கீழே படுக்க வைப்பதைப் பார்த்திருப்பீர்கள். அந்த வைத்தியத்தைக் கண்டுபிடித்தது யார் தெரியுமா? ஒரு நர்ஸ்! 1956, இங்கிலாந்தின் ராச்ஃபோர்ட் ஆஸ்பத்திரி. சிஸ்டர் வார்டுக்கு வெயிலும் காற்றும் குழந்தைகளுக்கு நல்லது என்ற நம்பிக்கை. குறைமாதக் குழந்தைகளை முற்றத்துக்குத் தூக்கிப்போவார். ஒருநாள் ரவுண்ட்ஸ் வந்த டாக்டர்களிடம் ஒரு குழந்தையின் துணியை விலக்கிக் காட்டினார். உடம்பெல்லாம் வெளுத்திருந்தது, ஓரிடத்தில் மட்டும் பளிச்சென்று மஞ்சள் முக்கோணம்! பெயின்ட் அடித்தாயா என்று டாக்டர் கேட்டாராம். துணியின் முனை மூடியிருந்த இடம் அது! வெயில் பட்ட இடத்தில் மஞ்சள் கரைந்துபோயிருந்தது. 1958-இல் டாக்டர் க்ரீமர் குழுவினரின் விளக்கு வைத்தியம் உலகுக்கு வந்தது. காமாலை கடுமையானால் வெயில் மட்டும் போதாது, அதனால் டாக்டரிடம் காட்டிவிடுங்கள்.

இன்குபேட்டர் பற்றாக்குறையால் பிறந்த வைத்தியம் எது தெரியுமா? 1970-களின் கடைசியில் கொலம்பியாவின் பொகோட்டாவில் எட்கர் ரே என்ற டாக்டர், குறைமாதக் குழந்தைகளைத் தாயின் வெறும் மார்போடு சேர்த்துக் கட்டச் சொன்னார். கங்காரு பராமரிப்பு! டெல்லி உட்பட ஐந்து நகரங்களின் மருத்துவமனைகளில் நடந்த ஆய்வின் முடிவு 2021-இல் வந்தது: பிறந்த உடனேயே இதைத் தொடங்கினால் எடை குறைந்த குழந்தைகளின் இறப்பு 25 சதவீதம் குறைகிறது! செலவு? ஒரு துணி! அப்பாவும் செய்யலாம்!

1963-இல் அமெரிக்க அதிபர் கென்னடியின் மகன் ஐந்தரை வாரம் முன்னதாகப் பிறந்து, நுரையீரல் முதிராமல் 39 மணி நேரத்தில் இறந்துபோனான். அதிபரின் பிள்ளையையே காப்பாற்ற முடியாத காலம் அது! பிறகு நியூசிலாந்தின் டாக்டர் லிக்கின்ஸ் ஆட்டுக்குட்டிகளில் கண்டதை 1972-இல் தாய்மாரிடம் நிரூபித்தார்: குறைப்பிரசவம் வருமுன் தாய்க்கு ஸ்டீராய்டு ஊசி போட்டால் பிள்ளையின் நுரையீரல் வேகமாகத் தேறுகிறது! 2024 ஜூலையில் அமெரிக்காவின் அயோவாவில் 21-ஆவது வாரத்திலேயே பிறந்த குழந்தையின் எடை எவ்வளவு தெரியுமா? 285 கிராம்! கின்னஸ் சாதனையோடு முதல் பிறந்தநாளும் கொண்டாடிவிட்டது!

ஒரே பிரசவத்தில் அதிகபட்சம் எத்தனை? 2021 மே 4, மொராக்கோ. மாலி நாட்டுத் தாய் ஒருவருக்கு ஐந்து பெண், நான்கு ஆண். ஒன்பதும் பிழைத்தன!

பின்லாந்தில் குழந்தை பிறக்கும் முன்பே அரசாங்கம் ஒரு அட்டைப்பெட்டி அனுப்பும். உள்ளே உடுப்பு, போர்வை, அடியில் மெத்தை. பெட்டியே தொட்டில்! 1938-இல் ஏழைகளுக்கென்று தொடங்கி, 1949 முதல் எல்லாருக்கும். அதற்கு ஒரு நிபந்தனை, நான்காம் மாதம் முடிவதற்குள் பரிசோதனைக்கு வந்திருக்க வேண்டும்!

நம் ஊர் மட்டும் சளைத்ததா? எழும்பூர் அரசு மகப்பேறு மருத்துவமனை தொடங்கியது 1844-இல்! தமிழ்நாட்டில் இன்று நூற்றுக்கு 99-க்கும் மேற்பட்ட பிரசவங்கள் மருத்துவமனைகளில்தான் நடக்கின்றன.

கடைசியாக ஒன்றைக் கேட்டுக்கொள்கிறேன். இதைத் தாளில் எழுதி அலமாரிக் கதவில் ஒட்டுங்கள். கர்ப்பிணிக்குப் பிள்ளைத் துடிப்பு குறைந்தாலோ, இரத்தம் பட்டாலோ, தாங்க முடியாத தலைவலியோடு கண் மங்கினாலோ, வலிப்பு வந்தாலோ, காய்ச்சல் அடித்தாலோ காத்திருக்காதீர்கள். பச்சிளங்குழந்தை பால் குடிக்க மறுத்தாலோ, நிமிடத்துக்கு 60 தடவைக்கு மேல் மூச்சு வாங்கினாலோ, உடம்பு சில்லிட்டாலோ சுட்டாலோ, முதல் நாளிலேயே மஞ்சள் தெரிந்தாலோ, உள்ளங்கை உள்ளங்காலிலும் மஞ்சள் பரவினாலோ நாளைக் காலை பார்க்கலாம் என்று இருக்காதீர்கள். அந்த நிமிடமே 108-ஐ அழையுங்கள்!